கேம் கடைக்கு நீ எழுதிய இரண்டாவது மனு

நேற்று கல்லூரி விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்ததும், ஒரு கேம் வாங்கலாமே என்று லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். என் லேப்டாப்பிலும் இப்போது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான் இருக்கிறது, நீ நம்பமாட்டாய். இந்த கேம் அதில் ஓடுமா, பாதியில் படுத்துவிடுமா என்று பார்க்க, வாங்கியவர்கள் இணையக் கடைப் பக்கத்தின் அடியில் எழுதிவைத்திருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு குறிப்பு ஆங்கிலத்தில் இப்படி ஆரம்பித்தது: 'மதிப்பிற்குரிய ஆட்டக்காரர்களுக்கு வணக்கம். பொருள்: மேற்படி கேம் லினக்ஸில் ஓடுவது தொடர்பாக.' எழுதியவர் பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. உலகத்தில் கேம் விமர்சனத்துக்குப் 'பொருள்' போட்டு எழுதிய ஒரே கிராம நிர்வாக அலுவலர் நீதான்.

சிரித்தேன். சிரித்து முடித்து லேப்டாப்பை மூடிவைத்தேன். கேமை வாங்கவில்லை.

லினக்ஸ் உனக்கு எப்படி வந்தது என்பதை மற்றவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. ஏதோ பெரிய கொள்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்லூரியில் நம் இருவருக்கும் ஒரே நாளில் அரசாங்கத்தின் இலவச லேப்டாப் கிடைத்தது. அதில் விண்டோஸும் இருந்தது, பக்கத்திலேயே லினக்ஸும் இருந்தது. விடுதியில் இருந்த அத்தனை பேரும் லினக்ஸ் இருந்த பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. உன் லேப்டாப்பில் முதல் மாதமே வைரஸ் புகுந்து விண்டோஸ் திறக்காமல் போயிற்று. கீழவீதியில் ஒரு கடைக்காரர் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றார். 'திருட்டுன்னு தெரிஞ்சே ஏன் போடுறீங்க' என்று கேட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். மிச்சம் இருந்தது லினக்ஸ். அதைப் பிடித்துக்கொண்டாய். ஆறு மாதத்தில் விடுதியில் யாருக்கு எது கெட்டுப்போனாலும் உன் கட்டிலைத் தேடி வந்தார்கள். நான் இயற்பியல் படித்தவள் என்று பேர். கறுப்புத் திரையில் நீ கட்டளைகளைத் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றதுதான் என் பங்கு.

பிறகு எனக்குத் தஞ்சாவூரில் விரிவுரையாளர் வேலை, உனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வி.ஏ.ஓ. உத்தியோகம். சம்பளம் வந்ததும் இருவரும் நல்ல லேப்டாப்பாக வாங்கினோம். நான் விண்டோஸ், நீ வழக்கம்போல. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் அந்தக் கார்ப் பந்தய கேமில் ஏறுவோம். ஒருத்தி ஓட்ட வேண்டும், பக்கத்து இருக்கையில் இருப்பவள் வரப்போகிற வளைவுகளைக் குறிப்பில் பார்த்து முன்கூட்டியே வாசிக்க வேண்டும். ஓட்டுவது எப்போதும் நீ. 'இடது மூணு, மேடு, அப்புறம் குறுகல் பாலம்' என்று நான் கத்திக்கொண்டே வருவேன். ஊரெல்லாம் பனி கொட்டிக்கிடக்கும். இரண்டு பேருமே நேரில் பனியைப் பார்த்ததில்லை. மழைக்காலத்து மன்னார்குடி ரோட்டுக்கு இது எவ்வளவோ தேவலை என்பாய்.

கடைகளைப் பற்றி நீ பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாய். ஒரு கடையை உனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த கேம் லினக்ஸில் ஓடும் என்று அவர்களே பார்த்து அடையாளம் போட்டுவைப்பார்கள். விண்டோஸுக்கென்று செய்ததையும் லினக்ஸில் ஓடவைக்கிற வேலையைத் தங்கள் செலவில் செய்தார்கள். வாங்கிப் போட்டு ஓடவில்லையென்றால் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி நீ எழுதும்போது நன்றியை இரண்டு தடவை எழுதுவாய். குறை சொல்லத் தெரிந்தவளுக்கு நிறை சொல்லவும் தெரிய வேண்டும் என்பது உன் கட்சி.

நம் பந்தய கேம் இருந்ததோ இன்னொரு கடையில். அந்தக் கடை லினக்ஸ் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. கேமை இறக்குவதற்கான அவர்களுடைய செயலி உன் கணினிக்குக் கிடையாது. யாரோ ஊர் பேர் தெரியாத தன்னார்வலர்கள் செய்துவைத்த வழியில் சுற்றிச் சுற்றிப் போய் எடுத்துவருவாய். ஒருநாள் அப்படி எடுத்துக்கொண்டிருந்தபோது, போனில் சாதாரணமாகச் சொன்னாய்: "காசை மட்டும் வாசல்ல வாங்கிக்கிறாங்கடி. சாமானைக் கொல்லைப்பக்கம் வந்து எடுத்துக்கன்னு சொல்றாங்க."

எங்கள் ஊர் வீட்டின் கொல்லையில் நின்றுதான் உன் தாத்தா கூலி நெல் வாங்கிப் போனார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைக் குத்துவதற்காக நீ அதைச் சொல்லவில்லை, குத்துவதென்றால் நேராகவே குத்துவாய். ஆனாலும் அன்றைக்கு முதல் வளைவிலேயே நான் இடதை வலது என்று வாசித்து உன்னை மரத்தில் மோதவிட்டேன்.

அந்தக் கடையிலும் நீ விடாமல் குறிப்புகள் எழுதினாய். எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் திக்குகிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக. வயலுக்கு வயல் நடந்து, எதில் என்ன பயிர் என்று அடங்கல் கணக்கு எழுதுகிறவள், கேமுக்கும் அப்படியே எழுதினாய். எந்தெந்த நாட்டிலிருந்தோ நன்றி சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கும் நீ சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற உத்தியோகத்தில் இருப்பவள் என்று தெரியாது.

அப்புறம்தான் அந்தத் தை மாதம் வந்தது. உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, கீமோ ஆரம்பித்து இரண்டாவது சுற்று முடிந்திருந்தது. விடுப்பில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை, மழையில் சாய்ந்த சம்பாவுக்குச் சேதக் கணக்கெடுப்பு என்று போய்விட்டாய். அந்த வாரம் பந்தய கேமில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் காவல் நிரல் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஞாயிறு மதியம் நீ உள்ளே போனாய். ஐந்து நிமிடத்தில் வெளியே தள்ளிவிட்டது. உன் கணக்கின் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது: ஏமாற்று வேலைக்காகத் தடை செய்யப்பட்டவர். நீ எழுதிய ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் அதே வரி.

நான் சொன்னேன், போனால் போகிறது, வேறு பேரில் ஒரு கணக்குத் திற, இல்லையென்றால் விண்டோஸ் போட்டுத் தொலை. உனக்கு வந்ததே கோபம். ஏமாற்றுக்காரி எழுதியதை நம்பி எவன் ஒரு கேம் வாங்குவான் என்று கேட்டாய். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாய்:

"நான் போனப்புறமும் அந்தப் பக்கம் இருக்கும்ல. அதுல அந்த வார்த்தையும் இருக்கும்."

புகாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று தேடிக் கொடுத்தேன்.

கடைக்கு மனு எழுதினாய். உண்மையாகவே மனு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஆங்கிலத்தில். அவர்கள் கொடுத்த புகார் எண்ணைப் 'பார்வை 1' என்று குறித்திருந்தாய். கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்து இணைக்க வேண்டும், நீயோ வயலில் நிற்கிறாய். கடவுச்சொல்லைச் சொல்லி என்னை எடுக்கச் சொன்னாய். எடுத்து அனுப்பினேன். அதோடு வெளியே வந்திருந்தால் இந்த மடலை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எனக்குள் இருந்த மேதாவி விழித்துக்கொண்டாள். லினக்ஸ் என்பதால்தானே பிடித்தது, விண்டோஸிலிருந்து இவள் கணக்கில் நாலு பந்தயம் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் காவல் நிரல் சமாதானமாகிவிடும் என்று தோன்றியது. இணையப் போட்டிதான் தடை, தனியாகப் பயிற்சி ஓட்டலாம். ஓட்டினேன். ஓட்டத் தெரியாமல் ஓட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. தடை நீங்கிய பிறகு சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அன்று மாலை நீ மனுவை அனுப்பினாய். அதில் ஏழாவது வரி, 'இந்தக் கணக்கில் என்னைத் தவிர வேறு யாரும் ஆடியதில்லை.'

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இன்ன நாளில் தஞ்சாவூரிலிருந்து வேறொரு கணினியில் இந்தக் கணக்கில் ஆட்டம் நடந்திருக்கிறது. மனுதாரர் சொன்னது உண்மையல்ல. தடை தொடரும். இவ்வளவுதான். அதை நீ எனக்குப் போனில் வாசித்துக் காட்டினாய். தஞ்சாவூர் என்ற வார்த்தைக்கு மட்டும் கொஞ்சம் நிறுத்தினாய்.

யாராவது ஹேக் பண்ணியிருப்பார்கள் என்று சொன்னேன். என் வாயிலிருந்துதான் வந்தது. 'அப்படியா, சரி' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எத்தனையோ தேர்வில் காப்பி அடித்தவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் கண்ணாடியைப் பார்க்காமலே தலை வாரினேன்.

மறுநாள் காலை விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். உன் அலுவலகத்தில் ஒரு பெரியவர் பட்டா மாற்றத்துக்காக உட்கார்ந்திருந்தார். 'உக்காருங்க ஐயா, இந்தா முடிஞ்சிடும்' என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். தலையில் துணி கட்டியிருந்தாய். என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினாய். அவர் வேலையை முடித்து அனுப்பும்வரை நான் ஃபைல் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் போனதும் சொல்லிவிட்டேன். எதையும் குறைக்காமல், ஹேக் என்று சொன்னதையும் சேர்த்து.

"தெரியும்" என்றாய். "நேத்தே நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ஒரு நாள் லேட்டு."

அவ்வளவுதான் நீ எனக்குக் கொடுத்த தண்டனை. நான்தான் அழுதேன். அழுதுகொண்டே இன்னொரு யோசனையும் சொன்னேன் பார், அதைத்தான் இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஹேக் ஆகிவிட்டது என்றே எழுதிவிடு, எல்லாருக்கும் நடப்பதுதான், யாருக்கும் நஷ்டமில்லை என்றேன். உண்மையைச் சொன்னால் கணக்கை மற்றவருக்குக் கொடுத்த குற்றமும் சேர்ந்து, இருக்கிற வழியும் அடைபட்டுவிடும் என்று பயந்தேன். அந்தச் சிவப்பு வரியோடு உன்னை அனுப்பிவைக்க வேண்டியிருக்குமோ என்பதுதான் என் பயம். அதை வெளியே சொல்ல முடியவில்லை.

நீ மேஜையில் இருந்த மனுக்கட்டைத் தட்டிக் காட்டினாய். சேதக் கணக்கெடுப்பு முடிந்திருந்த நேரம், நிவாரணம் கேட்டு மேஜை கொள்ளாத மனுக்கள்.

"தினமும் இதைத்தான் படிக்கிறேன். ஒரு வரி பொய்யா இருந்தா, மத்த பத்து வரி உண்மையா இருந்தாலும் நான் நம்புறதில்ல. அவன் மட்டும் எப்படி நம்புவான்?"

அப்புறம் என் எதிரிலேயே இரண்டாவது மனுவை எழுதினாய். பொருள்: எனது முதல் மனுவில் உள்ள பிழையைத் திருத்திக்கொள்வது தொடர்பாக. எனக்குத் தெரிந்து, தனக்கு எதிராகத் தானே திருத்தம் கேட்டு ஒருவரும் மனுப் போட்டதில்லை. உள்ளே நீ எழுதியது இதுதான்: முதல் மனுவின் ஏழாவது வரி தவறு. அதை எழுதும்போது அது தவறு என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எழுதியது நான், பொறுப்பும் என்னுடையது. ஆடியவர் என் தோழி. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்தார். கடவுச்சொல்லைக் கொடுத்தது நான் என்பதால் அவர் கணக்கின் மீது நடவடிக்கை வேண்டாம். கணக்கைப் பகிர்ந்ததற்கு உங்கள் விதிப்படி என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன். அதன் பிறகு ஒரு பத்தி இருந்தது. எழுதி முடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினாய்: 'ஏமாற்றுவது வேறு, லினக்ஸில் ஆடுவது வேறு. உங்கள் காவல் நிரலுக்கு என் கணினியை அடையாளம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று எழுதுங்கள். லினக்ஸுக்கு இடமில்லை என்றால், இடமில்லை என்று எழுதுங்கள். நான் திரும்பிப் போய்விடுவேன். ஆனால் நான் செய்யாத ஒன்றைச் செய்தவள் என்று எழுதாதீர்கள்.'

அனுப்பிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாய். புளிசாதத்தில் பாதியை எனக்கு வைத்தாய். உன்னால் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் நீ ரொம்ப இளைத்துவிட்டாய். ஊசி போட்ட நாட்களில் என் வீட்டில்தான் தங்குவாய். அப்படித் தங்கியிருந்த ஒரு பகலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாய். போனை என்னிடம் நீட்டினாய்.

இந்தத் தடவை எழுதியது ஒரு மனிதர். நிரல் அனுப்புகிற பதிலுக்கும் மனிதர் எழுதுகிற பதிலுக்கும் முதல் வரியிலேயே வித்தியாசம் தெரிந்தது. எங்கள் காவல் நிரல் தனக்கு அடையாளம் தெரியாத கணினிகளையெல்லாம் ஏமாற்று என்று பதிந்துவிட்டது, அடையாளம் தெரியாததும் ஏமாற்றுவதும் ஒன்றல்ல என்று நீங்கள் எழுதியது சரி, இப்படி எழுதியதற்கு வருந்துகிறோம் என்று சொல்லியிருந்தார். உன் தடை நீக்கப்பட்டது. அதே வாரத்தில் லினக்ஸிலிருந்து வந்து மாட்டிய மற்றவர்களின் தடைகளும் நீக்கப்படுகின்றன. கணக்கைப் பகிர்ந்ததற்கு ஓர் எச்சரிக்கை உண்டு, கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளவும். கேம் லினக்ஸில் ஓடுவதற்கு இப்போதைக்கு உத்தரவாதம் தர முடியாது. கடைசியில், தடை தொடரும் என்று பதில் போன பிறகு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை என்று ஒரு வரி.

உடனே கணக்குப் பக்கத்தைத் திறந்தோம். சிவப்பு வரி இல்லை. ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து பார்த்தாய், எல்லாவற்றையும். நான் எவ்வளவு சொல்லியும் பாதியில் நிறுத்தவில்லை. பிறகு அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துவரச் சொன்னாய். இரண்டு மனுவும் இரண்டு பதிலும் வரிசையாக வைத்து, ஓட்டை போட்டு, டேக் கட்டி ஃபைல் ஆக்கினாய். பெயரே தெரியாத அத்தனை பேருக்கும் தடை நீங்கியதில் உனக்கு இருந்த சந்தோஷம், நம் ஊர் முழுக்க நிவாரணம் வாங்கிக் கொடுத்ததுபோல இருந்தது. ரசம் சாதம் கேட்டாய். நாலு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாய். உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அந்தத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாலையில் கடவுச்சொல்லை மாற்றினாய். மாற்றியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில் திணித்தாய். நான் வாங்க மறுத்தேன். ஒரு தடவை கெடுத்தவள் நான், மறுபடியும் என்னிடம் எதற்கு என்று கேட்டேன்.

"உன்கிட்டதான் பத்திரமா இருக்கும்" என்றாய். "இனிமே."

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் என் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். போடும்போது மூன்று தடவை சொதப்பினேன், யாரிடமும் கேட்கவில்லை. உன் பேரில் அந்தக் கடையில் இருக்கும் குறிப்புகளின் அடியில் இன்னமும் ஆட்கள் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். தெரிந்தவற்றுக்கு என் கணக்கிலிருந்து, என் பேரில் பதில் எழுதுகிறேன். உன் அளவுக்கு வராது.

போன மாதம் உன் தங்கை வந்திருந்தாள். உன்னைப் போலவே சட்டென்று விஷயத்துக்கு வந்தாள். அக்கா வாங்கின கேம் எல்லாம் சும்மாதானே கிடக்கிறது, அவள் கணக்கில் நான் ஆடட்டுமா, பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமாமே என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். "தெரியும்மா. தர முடியாது" என்றேன். முகம் வாடிவிட்டது. கூடப் பிறந்தவளுக்குத் தராமல் இவள் யார் வைத்துக்கொள்ள என்று அவளுக்குத் தோன்றியிருக்கும், நியாயம்தான். எழுந்துபோய் அந்த ஃபைலை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். இரண்டாவது மனுவின் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினேன்.

'இனி எக்காலத்திலும் இந்தக் கணக்கில் என்னைத் தவிர வேறு யாரும் ஆடமாட்டார்கள் என்று உறுதி கூறுகிறேன்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஃபைலை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தாள்.

எக்காலத்திலும் என்று நீதான் எழுதினாய். உன் பங்கை நீ முடித்துவிட்டாய். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.